இருபத்தேழாம் படத்திலுள்ள கறுப்பு வீடு

உதவிப் பீடாதிபதி கலாநிதி நோபேட், பூட்டியிருந்த எனது அலுமாரியைத் திறப்பித்து, மாணவர்கள் என்னை நம்பி வரைந்து தந்த படங்களை எடுத்து, வளாக மண்டபத்தில் சனம் பார்க்க ஒட்டினார். இந்த வசனத்தை முதலில் எழுதிவிட்டு எனது பெயரைக் கேட்கும்படி வாக்குமூலம் பதியும் பொலிஸ் அதிகாரியிடம் சொன்னேன். வழக்கம் அப்படியில்லை என்றார். அதன் பின்னர் எழுதினார்.

எனது பெயர் டெனீஸ் கிளோடியா பல்தசார். வயது 31. தகப்பன் பெயர் நெவில் பல்தசார், காலமாகிவிட்டார். இனம் பறங்கியர், சமயம் கத்தோலிக்கம். வீட்டில் என்ன மொழி என்று கேட்டார்கள், தமிழ் என்றேன். விலாசம் நாவற்குடா. தாயார் எடித்துடன் வசிக்கிறேன். விவாகமாகவில்லை. தொழில், பல்கலைக்கழக வளாகமொன்றில் ஒப்பந்த அடிப்படையில் மாணவர் உளவளத்துணையாளர். இன்று 2025.06.24, முற்பகல் 10.40.

வட்டைவிதானை திவாகரன் என்பவர் இம்மாதம் 20ஆம் திகதி எனக்கெதிராகச் செய்த முறைப்பாட்டுக்கு விளக்கமளிக்க அழைக்கப்பட்டேன். வட்டைவிதானை என்பவர், ஒரு வட்டையில், அதாவது ஒரு வயல்தொகுதியில், எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் விடுவது என்று முடிவு செய்பவர். நான் மாணவிகளுக்குக் கூடாத படங்கள் வரையப் பழக்கி, அவற்றில் தனது வீட்டைக் கறுப்பாக்கி, இணையத்தில் போட்டு, தனது மனைவியின் அக்காவின் மகளுடைய பெயரையும் தனது குடும்ப மானத்தையும் கெடுத்தேன் என்பது முறைப்பாடு. முறைப்பாட்டில் அந்த மாணவியின் பெயர் இருக்கிறது. நான் அதைச் சொல்லமாட்டேன். அந்த மாணவி என்றே குறிப்பிடுகிறேன்.

படம் என்றால் என்னவென்று கேட்டார்கள். நான் 2022ஆம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தந்திருந்த பயிற்சி, வரும் மாணவரைக் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வது. அவ்வாறே செய்தேன். என்ன பிரச்சினை என்று கேட்டால் எல்லோரும் "ஒண்டுமில்ல மிஸ்" என்றார்கள். கண்ணை மூடச் சொன்னால் படுவான்கரைப் பிள்ளைகள் நித்திரையாகினார்கள். அவர்கள் வாவிக்கு மேற்கேயுள்ள வயல் ஊர்களிலிருந்து விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு, வாவியைக் கடக்கும் மிதவையில், அதாவது நாங்கள் பாதை என்று சொல்வதில் ஏறி, இக்கரையில் இறங்கி, இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். ஒருவன் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது அவனுடைய வயிறு இரைந்தது. காலையில் சாப்பிடவில்லையா என்று கேட்டேன். நேற்றும் இல்லை என்றான். அதன் பின்னர், மூச்சைக் கவனிக்கச் சொல்வதற்கு முதல் அந்த மூச்சு எந்த வழியால் வந்தது என்று கேட்கவேண்டும் என எனக்கு விளங்கியது.

ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு தாளும் ஒரு கறுப்புப் பேனையும் கொடுத்து, வீட்டிலிருந்து வளாகம்வரை வரும் வழியை வரையச் சொன்னேன். வரைந்த பின்னர் விரலை வீட்டில் வைத்து, அந்த வழியால் மெதுவாகக் கொண்டுவரச் சொல்வேன். எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறதோ அந்த இடத்தைக் கறுப்பாக்கலாம். ஏன் என்று நான் கேட்பதில்லை. சிலர் அன்றே சொன்னார்கள், சிலர் இரண்டு மாதம் கழித்துச் சொன்னார்கள், சிலர் சொல்லவேயில்லை. ஒருவர் பஸ்ஸில் கொண்டக்டர் நிற்கும் படியைக் கறுப்பாக்கினார். ஒருவர் முன்பு சோதனைச் சாவடி இருந்து இப்போது ஒன்றுமில்லாத வெட்டையைக் கறுப்பாக்கினார். ஒருவர் தன் வீட்டுக் குசினியை. ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர், வளாகத்தின் இரண்டாம் மாடியில் ஒரே கதவைக் கறுப்பாக்கினார்கள். எந்தக் கதவு என்று அதிகாரி கேட்டார். சொன்னேன். அதை எழுதத் தேவையில்லை என்றார்.

மொத்தம் நாற்பத்தொரு படங்கள். ஒன்றிலும் பெயர் இல்லை. தாளின் பின்பக்கம் இலக்கம் மட்டும் இருந்தது, இலக்கத்துக்குரிய ஆள் எனது தலைக்குள் மட்டும். ஏப்ரல் மாத அறிக்கையில் நான் இப்படி எழுதினேன்: "பெயர் இல்லாததால் எவரையும் அடையாளம் காண முடியாது." கறுப்பின் அர்த்தத்தையும் அதே அறிக்கையில் எழுதினேன். அறிக்கை கலாநிதி நோபேட்டுக்குப் போனது. இது நான் செய்த பிழை, இதை எவர் மீதும் போடவில்லை. நான் ரவுனில் பிறந்தவள். ரவுனில் ஒரு சந்தி இன்னொரு சந்தியைப் போலத்தான் இருக்கும். படுவான்கரையில் ஒரு மதகையும் ஒரு வளைவையும் ஒரு கேற்றையும் கீறினால், அதற்குப் பிறகு பெயர் எழுதத் தேவையில்லை. அந்தப் பிள்ளைகளை மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

இம்மாதம் 13ஆம் திகதி வெள்ளிக்கிழமை கலாநிதி நோபேட் என்னைத் தனது அறைக்கு அழைத்தார். கொழும்பிலிருந்து தர மதிப்பீட்டுக் குழு வருவதாகச் சொன்னார்.

"செவ்வாய்க்கிழம கமிட்டி வருது மிஸ். உளநலத்துக்கு அஞ்சு புள்ளி கிடக்கு. காட்டுறதுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

"எத்தின பேர் வந்தாங்க எண்டு தரலாம் சேர். படம் தரமாட்டன்."

"அத எவன் வாசிக்கிறான்? கண்ணில படுற மாதிரி என்னமும் வேணும். மத்தப் பீடத்தில யோகாப் படம் போடுறாங்க. நம்ம என்ன, சுவரக் காட்டுறதா?"

அதன் பின்னர் எனது ஏப்ரல் அறிக்கையை எடுத்து, பெயர் இல்லாததால் என்று தொடங்கும் வசனத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். "இது உங்கட எழுத்துத்தானே? பேர் இல்லாட்டி அது சித்திரம் மிஸ். அவ்வளவுதான்." தரமாட்டேன் என்று திரும்பவும் சொல்லிவிட்டு வந்தேன்.

16ஆம் திகதி திங்கட்கிழமை எனது தாயாரைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக லீவில் நின்றேன். அன்று எனது அலுமாரி திறக்கப்பட்டது. அதன் பூட்டின் இரண்டாவது திறப்பு முகாமைத்துவ உதவியாளர் றுக்ஷானாவிடம் இருந்தது. அவர் மறுநாள் என்னிடம் வந்து, "அவர் கேட்டா நான் என்ன மிஸ் செய்யிற? நானும் கஷுவல்தானே" என்றார். அவர் மீது எனக்கு முறைப்பாடு இல்லை. அவருக்கும் எனக்கும் நிரந்தர நியமனம் இல்லை, கலாநிதி நோபேட்டுக்கு இருக்கிறது.

17ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை 8.10 மணிக்கு மண்டபத்தைக் கடக்கும்போது கூட்டம் நின்றது. சுவரில் நீலத் துணி கட்டி, "எங்கள் மாணவர்களின் மனப் பயணம்" என்று எழுதி, அதன் கீழ் படங்கள் வரிசையாகக் குத்தப்பட்டிருந்தன. ஓரத்தில் குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். முன்னால் நின்ற மாணவர்கள் சிலர் கதைத்தது எனக்குக் கேட்டது.

"டேய், இது நம்மட மதகடிடா. இஞ்ச பாரு, ரெண்டு குழாய்."

"மதகு எல்லா வட்டையிலயுந்தான் கிடக்கு. பெரிய கண்டுபிடிப்பு."

"மயில் வச்ச கேற்று எல்லா வட்டையிலயும் கிடக்கா? வட்டைவிதானைட வீடுடா இது."

"அப்ப கீறினது ஆரு?"

"நம்மட பெச்சில அந்தப் பக்கத்தால வாறது ரெண்டு பேர். ஒண்டு நான்."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாகப் பேசியவரும் சிரித்தார். அதன் பின்னர் தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல வாயை மூடிக்கொண்டு பின்னால் பார்த்தார். பின்னால் அந்த மாணவி நின்றார். அழவில்லை. என்னைக் கண்டதும் கிட்ட வந்து, "மிஸ், இத நான் கழட்டட்டா?" என்று கேட்டார். எந்தப் படத்தைக் காட்டிக் கேட்டார் என்று அதிகாரி கேட்டார். அதைச் சொல்லமாட்டேன் என்றேன்.

நான் கழற்றத் தொடங்கினேன். ஆறு படம் கழற்றியபோது கலாநிதி நோபேட் வந்து, குழு வாசலுக்கு வந்துவிட்டது, பத்து மணிக்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றார். நான் நிறுத்தவில்லை. காவலாளி வந்து எனக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். இதற்கிடையில் 8.25 மணிக்கு வளாகத்தின் முகநூல் பக்கத்தில் எல்லாப் படங்களும் போடப்பட்டுவிட்டன. இணையத்தில் போட்டது வளாகம், நானல்ல. குழுவில் வந்த ஒரு அம்மையார் படங்களைப் பார்த்து, நல்ல கலைத்திறன் என்றார். ஐந்து புள்ளியும் கிடைத்ததாகப் பின்னர் அறிந்தேன்.

சுவரில் இருந்தவை முப்பத்தெட்டு. நாற்பத்தொன்றில் மூன்று குறைந்தது. எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் மாடிக் கதவைக் கறுப்பாக்கிய அந்த மூன்று படங்கள்தான் சுவரில் இல்லை, அலுமாரியிலும் இல்லை, இன்றுவரை எனக்குத் திருப்பித் தரப்படவுமில்லை. ஆகவே, தான் சித்திரம் என்று நினைத்ததாகக் கலாநிதி நோபேட் சொன்னால் அது பொய். கறுப்பை அவருக்கு வாசிக்கத் தெரியும். வளாகத்தின் கறுப்பை எடுத்து ஒளித்துவிட்டு, பிள்ளைகளின் கறுப்பைச் சுவரில் குத்தினார்.

அன்று பிற்பகல் மூன்று மணியளவில் திவாகரனும் அந்த மாணவியின் தகப்பனும் எனது அறைக்கு வந்தார்கள். திவாகரன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தகப்பன் கதவோடு நின்றார். இருக்கச் சொன்னேன், காலில் சேறு என்றார்.

"நீங்கதானா அந்தப் படங் கீறப் பழக்கிற மிஸ்?" என்று திவாகரன் கேட்டார். ஓம் என்றேன். "என்ட வீட்ட என்னத்துக்குக் கறுப்பாக்கின?" அதுவரை நீங்க என்றவர் அதன் பின்னர் நீ என்றார். "பறங்கித் தெருவில இருந்துகொண்டு நம்மட வீட்டுக் கேற்றத் தொறக்கப் பாக்கிறியா? கலியாணமும் இல்ல, புள்ளகுட்டியும் இல்ல, உனக்கென்ன தெரியும் குடும்பமெண்டா?"

எனக்குத் தெருவும் இல்லை, நாவற்குடாவில் ஒரு ஒழுங்கைதான் என்று சொன்னேன். அதன் பின்னர் தகப்பனைப் பார்த்து, ஐயா, மகளோடு நீங்கள் கதைத்தீர்களா என்று கேட்டேன். அவர் எனக்கல்ல, தரைக்குப் பதில் சொன்னார்.

"பயிர் குடலையில நிக்குது மிஸ், கதிர் வாற நேரம். இந்தக் கெழம தண்ணி விழாட்டி எல்லாம் பதர்தான்."

திவாகரன் சிரித்து, "தண்ணிக்கும் இதுக்கும் என்ன அண்ணன்?" என்றார். தகப்பனுடைய மூன்று ஏக்கரும் திவாகரனின் வட்டையில், வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. இது சிறுபோகம், மழையில்லாத போகம். வாய்க்காலின் கடைசிக்குத் தண்ணீர் தானாக வராது, ஒருவர் விட்டால்தான் வரும்.

18ஆம் திகதி காலை அந்த மாணவி சொந்த விருப்பில் ஒரு வருடம் கற்கையிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுக்கப்பட்டது. கடிதம் தட்டச்சு, ஒப்பம் மட்டும் அவருடையது. விடுதிப் பொறுப்பாளரும் கலாநிதி நோபேட்டும் அதே நாளில் ஒப்பமிட்டார்கள். ஒரு பழுதான மின்விசிறியை மாற்ற எட்டு மாதம் எடுக்கும் வளாகத்தில் இது நாற்பது நிமிடத்தில் முடிந்தது. என்னிடம் கேட்கவில்லை. அன்று தொடக்கம் அவருடைய கைத்தொலைபேசி வேலை செய்யவில்லை. அன்று தொடக்கம் எனது அறைக்கு ஒரு மாணவரும் வரவில்லை.

21ஆம் திகதி சனிக்கிழமை நான் பஸ்ஸில் போய், பாதையில் வாவியைக் கடந்து, வெல்லாவெளிப் பக்கமுள்ள அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். வழி கேட்கவில்லை. எப்படி வழி தெரிந்தது என்று அதிகாரி கேட்டார். அதையும் சொல்லமாட்டேன் என்றேன். தகப்பன் இல்லை, தாய் இருந்தார். வயலில் தண்ணீர் நின்றது. எப்போது வந்தது என்று கேட்டேன், வெள்ளிக்கிழமை பகல் மதகு திறந்தது என்றார்.

"மகள் எங்க?" என்று கேட்டேன்.

"தங்கச்சி வீட்ட மிஸ்."

தங்கச்சி என்பவர் திவாகரனின் மனைவி. அந்த மாணவி உயர்தரம் படித்த இரண்டு வருடமும் அந்த வீட்டில்தான் தங்கியிருந்தார், ஏனென்றால் இவர்களுடைய ஊரில் உயர்தர வகுப்பு இல்லை. ஏன் அங்கே விட்டீர்கள் என்று கேட்டேன்.

"சனம் வாய்க்கு வந்ததெல்லாம் கதைக்குது. அந்த வீட்டிலயே அவள் சிரிச்சுத் திரிஞ்சா சனம் என்னத்தக் கதைக்கிற? அதான், வெள்ளிக்கிழம கொண்டு போய் விட்டிருக்கு."

"ஆர் சொன்ன யோசன இது?"

"விதானையார்தான்."

"மகள் ஓம் எண்டாவா?"

தாய் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தார். "சீனி போடுறதா மிஸ்?" என்றார்.

ஆகவே நடந்தது இதுதான். அந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று ஊருக்குக் காட்டுவதற்காக அந்தப் பிள்ளையை அந்த வீட்டுக்குள்ளேயே கொண்டு போய் வைத்திருக்கிறார்கள். முறைப்பாடு எழுதியதும் வெள்ளிக்கிழமை, மதகு திறந்ததும் வெள்ளிக்கிழமை, பிள்ளையை விட்டதும் வெள்ளிக்கிழமை.

அதன் பின்னர் நான் திவாகரனின் வீட்டுக்குப் போனேன். நேரம் பகல் 12.15. அவருடைய மோட்டார் சைக்கிள் உள்ளே நின்றது. அவர் வெளியே வரவில்லை. மனைவி கேற்றைத் திறக்காமல் கதைத்தார். "அவள் நித்திர மிஸ்" என்றார். எழும்பும்வரை நிற்கிறேன் என்றேன். "காய்ச்சல்" என்றார். அந்த வெயிலில் பக்கத்து அறையின் யன்னல் இரண்டும் சாத்தியிருந்தது. கொடியில் எங்கள் வளாகத்தின் ரீசேட் ஒன்று காய்ந்தது. இருபது நிமிடம் நின்றேன். அந்த மாணவியின் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டேன். யன்னலுக்குள் ஏதோ அசைந்தது என்று நான் சொல்லவில்லை, ஏனென்றால் நான் காணவில்லை.

இன்று எனக்கு 27ஆம் இலக்கப் படம் காட்டப்பட்டது. அது எனது அலுமாரியில் இருந்த படம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அதில் மயில் வைத்த கேற்றுள்ள வீடொன்று தாள் கிழியும்வரை கறுப்பாக்கப்பட்டுள்ளது. வரைந்தவர் யார் என்றும், வரைந்தவர் என்னிடம் என்ன சொன்னார் என்றும் கேட்டார்கள். அவருடைய சம்மதம் இல்லாமல் சொல்லமாட்டேன். அதன் பின்னர் அந்த மாணவி சனிக்கிழமை மாலை கொடுத்ததாக ஒரு வாக்குமூலம் எனக்கு வாசிக்கப்பட்டது. "அந்தப் படத்தை நான் வரையவில்லை, மிஸ் வரைந்தார்" என்று அதில் இருந்தது. எங்கே பதியப்பட்டது என்று கேட்டேன், திவாகரனின் வீட்டில் என்று அதிகாரி சொன்னார். அறையில் யார் இருந்தது என்று கேட்டேன், குடும்பத்தார் என்றார். இருபத்தொரு வயதுப் பிள்ளை பேசக் குடும்பத்தார் எதற்கு என்று கேட்டேன்.

"மிஸ், நீங்க இப்பிடிக் கேள்வி கேட்டா நான் எத்தின பக்கம் எழுதுற?" என்று அதிகாரி சொன்னார். அதன் பின்னர் பேனையை வைத்துவிட்டு, எனக்கு உதவி செய்வதாகவே சொன்னார்: "மாதிரிக்கு நான்தான் கீறினன் எண்டு ஒரு வரி. ஒரு மன்னிப்புக் கடிதம். மத்தப் பக்கம் நான் கதைச்சு முடிக்கிறன். உங்கட வேலையும் மிஞ்சும்." எனது ஒப்பந்தம் இம்மாதம் 30ஆம் திகதி முடிகிறது. புதுப்பிப்பதற்குக் கலாநிதி நோபேட்டின் ஒப்பம் வேண்டும். இதை அதிகாரி எப்படி அறிந்தார் என்று எனக்குத் தெரியாது.

நான் அந்த வரியைத் தரமாட்டேன். நான் வரைந்தேன் என்று சொன்னால் அந்த வீடு சுத்தமாகிவிடும், பிள்ளை அதற்குள்ளேயே கிடக்கும். அவர் வரைந்தார் என்று சொன்னால் இன்று மாலையே அந்த வீட்டில் அதற்கு விலை கொடுப்பார். ஆகவே இரண்டையும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். சுவரிலோ முகநூலிலோ கறுப்பென்றால் என்ன என்று ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லை. பார்க்கிறவர் அதை நிழல் என்று நினைக்கலாம், பேனை கசிந்தது என்று நினைக்கலாம். முப்பத்தெட்டுப் படங்களில் பதினொன்றில் வீடுகள் கறுப்பாக இருந்தன. பத்து வீட்டுக்காரர் வரவில்லை. ஒருவர் ஆறரை மணித்தியாலத்துக்குள் வாவியைக் கடந்து வந்தார். கறுப்பென்றால் தனக்கு அவமானம் என்று அவருக்குச் சொன்னது யார்? இதை அவரிடம் கேட்டீர்களா என்று அதிகாரியிடம் கேட்டேன். கேட்கவில்லை என்றார்.

ஆகவே நான் கேட்பது ஒன்று. ஒரு பெண் பொலிஸ் அதிகாரி, சீருடை இல்லாமல், இன்று பொழுதுபட முதல் அந்த வீட்டுக்குப் போய், அந்த மாணவியைக் கேற்றுக்கு வெளியே அழைத்து வந்து, குடும்பத்தார் எவரும் இல்லாத இடத்தில், நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்க வேண்டும். படத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். என்னைப் பற்றிக் கேட்க வேண்டாம். அங்கேயே இருக்கிறேன் என்று அவர் தனியாகச் சொன்னால், முறைப்பாட்டிலுள்ள குற்றம் முழுவதையும் ஏற்று நான் எழுதித் தருகிறேன். இதை எழுதும்படி மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை எழுதப்பட்டது.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "மாணவி வரைந்த" என்றிருந்த இரண்டு இடங்களை வெட்டுவித்து, வெட்டிய இடத்தில் ஒப்பம் வைத்தேன். மிகுதி நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னது உண்மை.

ஒப்பம்: டெ. கி. பல்தசார்
2025.06.24, பிற்பகல் 1.25

ஒப்பமிட்ட பின் எனது கையெழுத்தில் சேர்ப்பது: பெண் பொலிஸ் அதிகாரி எத்தனை மணிக்குப் போகிறார் என்று கேட்டேன். பதியும் அதிகாரி கொப்பியை மூடக் கை நீட்டினார். கொப்பியைக் கொடுக்காமல் இதை எழுதிக்கொண்டு திரும்பவும் கேட்கிறேன். எத்தனை மணிக்கு?